விரால் தொட்டிக்கு நான் செய்த மூடி

என் கையால் நான் செய்த பொருள்களில் ஒன்றே ஒன்றுதான் குறை சொல்ல முடியாதபடி அமைந்தது. அது ஒரு மீன் தொட்டியின் மூடி. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம். வைத்து அழுத்தினால் ஒரு மயிர் நுழைய இடம் இருக்காது. ஜப்பான்காரன் காலத்தின் இரண்டாவது வருடத்தில், பினாங்கு டவுனில் நாங்கள் குடியிருந்த வீட்டின் நடுக்கூடத்தில் உட்கார்ந்து அதைச் செய்தேன். முடித்த அன்று எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கும். அறைந்தாலும் வலித்திருக்காது என்பது வேறு விஷயம்.

தொழிலில் நான் படம் வரைகிற கிராணி, குமாஸ்தா மாதிரி. சாக்கடை எங்கே ஓடும், தண்ணீர்க் குழாய் எங்கே வளையும் என்று காகிதத்தில் கோடு போடுவது என் வேலை. வெள்ளைக்காரன் இருந்தபோதும் அதே கோடு, ஜப்பான்காரன் வந்த பிறகும் அதே கோடு. கடிகாரத்தை மட்டும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தார்கள். வாசலில் நின்ற சிப்பாய்க்கு இடுப்பை வளைத்து வணக்கம் போட்டுவிட்டு உள்ளே போவேன். சாயங்காலம் அதே வணக்கத்தைப் போட்டுவிட்டு வெளியே வருவேன். பக்கத்து மேசைக்காரரை, போனவர்கள் திரும்பி வராத சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பினார்கள். அவருடைய ஸ்கேல் என்னுடையதை விட நல்லது. எடுத்துக்கொண்டேன். அதற்காக வெட்கப்பட்டதாக ஞாபகம் இல்லை. நெடுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்த கால் மாதிரி மனம் மரத்துக் கிடந்த காலம் அது.

என் மனைவி யாழ்ப்பாணத்தில் பிறந்து, கலியாணம் முடித்து இங்கே வந்தவள். இரண்டு பேர் குடும்பமும் சைவ தீட்சை கேட்ட குடும்பம். மீன், இறைச்சி எல்லாவற்றையும் சேர்த்து எங்கள் ஆட்கள் மச்சம் என்பார்கள். அவளும் சரி, நானும் சரி, பிறந்த நாளிலிருந்து மச்சம் தொட்டதில்லை. குண்டு விழுந்த டிசம்பரில் அவள் நிறைமாதம். டவுனை விட்டு மலையடிவாரத்து ஆயர் ஈத்தாமுக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அங்கே ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் ஆண் பிள்ளை பிறந்தது. அவளுக்குப் பால் சுரக்கவில்லை. டின் பாலும் கிடைக்கவில்லை. பிள்ளை பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இப்போது மறுபடியும் நிறைமாதம், பிள்ளை பிறக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. சாப்பாடு மரவள்ளிக்கிழங்கு, அது இல்லாத நாளில் அதன் இலை. ரேஷன் அரிசி என்று கொடுத்ததில் பாதி புழு. கால் வீங்கி, உதடு வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

அடுத்த வீட்டில் ஒரு கத்தோலிக்கத் தமிழ் அம்மா இருந்தார். முன்பு ஆஸ்பத்திரியில் தாதி. பிள்ளைப்பேறு பார்ப்பதில் கெட்டிக்காரி. நாங்கள் அக்கா என்போம். அவர் வந்து மனைவியின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தப் பொண்ணு ஒடம்புல ரத்தமே இல்லலா. இப்படியே பெத்தா பால் வராது. ஹாருவான் மீன் குடுக்கணும், நம்ம ஊரு விரால்தான். மூணாம் நாள்லேர்ந்து தினம் சூப்பு. புண்ணும் ஆறும், பாலும் வரும்."

"அக்கா, நாங்கள் சைவம்" என்றேன்.

"சைவமாவே போன தடவையும் இருந்தீங்க" என்றார் அவர். சொன்ன பிறகு வருத்தப்பட்டார் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. "உயிரோட வாங்கி வச்சுக்க. வேணுங்கறப்போ ஒண்ணொண்ணா அறு. தானா செத்த மீனைக் குடுத்திராத, பெத்த ஒடம்புக்கு அது விஷம்."

மனைவியிடம் சொன்னேன். அவள் கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "குடிக்கிறன்" என்றாள். "ஆனால் ஒண்டு. மச்சம் தொட்ட பிறகு நான் திருநீறு பூசமாட்டன், சாமி அறைக்குள்ளை வரமாட்டன். நீங்கள் என்னை வா எண்டு கூப்பிடக்கூடாது."

மற்ற வீடுகளில் மீன் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் குளித்துவிட்டுப் பூசுகிறார்களே என்று சொல்லிப் பார்த்தேன். "அது அவையள்" என்றாள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். சரி என்றேன். பிள்ளை தங்கினால் போதும் என்று எனக்கு இருந்தது. அவளுக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது. விலையைத்தான் அவள் முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

சைக்கிளில் பாலிக் புலாவ் போனேன். மலையைச் சுற்றி ஏறி இறங்க அரை நாள். வயல் வாய்க்காலில் விரால் பிடிக்கிற ஒரு மலாய்க்காரர், என் கலியாணக் கோட்டை வாங்கிக்கொண்டு ஐந்து மீன் கொடுத்தார். கோட்டை அங்கேயே போட்டுப் பார்த்து, கொளுத்துகிற வெயிலில் நின்று சிரித்தார். மண்ணெண்ணெய் டின்னில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேலே சேம்பு இலையைப் போட்டுக் கட்டிக் கொண்டுவந்தேன். வழி முழுக்க டின் முதுகுக்குப் பின்னால் உதைத்துக்கொண்டே வந்தது.

தொட்டி வீட்டிலேயே இருந்தது. வீட்டுக்காரச் சீன முதலாளி, தவுக்கே, அதிர்ஷ்டத்துக்கு என்று நடுக்கூடத்தில் தங்கமீன் வளர்த்த பெரிய கண்ணாடித் தொட்டி. சிமெண்டுப் பீடம், இரண்டடி ஆழம். தவுக்கேயை ஒரு நாள் ஜப்பான் சிப்பாய்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தங்கமீன் தீனியில்லாமல் செத்தது. அதன் பிறகு நாங்கள் அதில் கிழங்கு போட்டு வைத்திருந்தோம். கிழங்கை எடுத்துவிட்டு, பாதி தண்ணீர் ஊற்றி, ஐந்து விராலையும் விட்டேன். கறுப்பாக, கையளவு தடிப்பில், பாம்புத் தலையோடு அடியில் போய்ப் படுத்தன.

மறுநாள் விடிந்து எழுந்து வந்தால் நாலுதான் இருந்தன. ஐந்தாவது, அலமாரிக்கு அடியில் தூசியும் ஒட்டடையும் பூசிக்கொண்டு கிடந்தது. எப்போது பாய்ந்ததோ தெரியாது. தொட்டவுடன் துள்ளியது. தூக்கித் தொட்டியில் போட்டேன், ஒன்றும் நடக்காதது போல நீந்திப் போனது. கொசுவலையை மடித்து மேலே கட்டினேன். அன்று மாலைக்குள் வலையையும் முட்டிக்கொண்டு இன்னொன்று வெளியே வந்தது.

பாய்ச்சல் ஒரு தொல்லை என்றால் நாற்றம் இன்னொரு தொல்லை. இதுவரை மீன் நுழையாத வீடு. மனைவி கூடத்துப் பக்கம் வந்தாலே வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். "எனக்குச் சத்தி வருகுது. அந்த மணம் சுவரிலையும் ஏறீட்டுது" என்றாள். தின்கிற கிழங்கையும் வாந்தி எடுத்தால் பிள்ளைக்கு என்ன போய்ச் சேரும்? ஆகவே மூடி இரண்டு வேலை செய்ய வேண்டும்: மீன் வெளியே வரக்கூடாது, மணமும் வெளியே வரக்கூடாது. இப்படித்தான் நான் யோசித்தேன். மீன் தின்கிறவன் எவனும் இப்படி யோசித்திருக்க மாட்டான்.

என்னிடம் சொந்தமாகப் படம் வரைகிற பலகைகள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டரை அடிக்கு இரண்டடி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தொட்டிக்கு அளவெடுத்தது போல இருந்தது. உடைந்த கட்டிலின் சட்டத்தை அறுத்து, மேலே குறுக்கே மூன்று கட்டை கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கினேன். ஆணி கிடைக்காத காலம். ரேடியோப் பெட்டியைக் கழற்றி அதிலிருந்த திருகாணிகளை எடுத்தேன். கேட்கத் தடை போட்ட ரேடியோ இதற்காவது உதவியது. இரண்டு பலகையும் சேரும் இடத்தில் படகுக்காரர் பூசுகிற குங்கிலியப் பிசினைக் காய்ச்சி ஊற்றினேன். ஓரத்துக்கு ரப்பர் வேண்டும். சைக்கிளின் பின்சக்கரத்து டியூபை எடுத்து, நீளவாக்கில் பிளந்து, பட்டையாகச் சுற்றிலும் அடித்தேன். ஐந்து மீன் கைவசம் இருந்தது. இனி பாலிக் புலாவ் போக வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தேன்.

பிறகு தண்ணீர். பாதித் தண்ணீர் இருந்ததால்தானே மீன் ஓடிவந்து பாய இடம் கிடைத்தது? முட்ட நிரப்பினால் பாயவும் முடியாது, மீனுக்கும் தாராளமாக இருக்கும். குழாயிலிருந்து இருபது வாளி சுமந்து ஊற்றினேன். மூடியை வைத்து அழுத்தியபோது ஓரத்தில் தண்ணீர் பிதுங்கி வழிந்தது. அம்மிக் குழவியைத் தூக்கி மேலே வைத்தேன். மனைவி கூடத்துக்கு வந்து நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

"மணமே இல்லை" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னாள். "கெட்டிக்காரன்தான்."

மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து குழவியை இறக்கி மூடியைத் தூக்கினேன். ஐந்தும் செத்திருந்தன. வெள்ளை வயிறு மேலே தெரிய, வாய் திறந்தபடி, பலகை இருந்த மட்டத்தில் மூக்கை வைத்துக்கொண்டு கிடந்தன. அழுகை வந்திருக்க வேண்டும், அல்லது கோபமாவது வந்திருக்க வேண்டும். மூடியின் உள்பக்கத்தைத் திருப்பி, பிசின் எங்கேயாவது விட்டிருக்கிறதா என்றுதான் பார்த்தேன். விடவில்லை.

மனைவி அறையில் படுத்திருந்தாள். சாக்கில் மீனைப் போட்டு எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய், பப்பாளி மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். ஊரே பட்டினி கிடந்த நாளில் ஐந்து விராலை மண்ணுக்குக் கொடுத்தவன் நான். அக்காவிடம் கொடுத்திருந்தால் அவர் வீட்டில் சமைத்திருப்பார்கள். கொடுத்தால் கேள்வி வரும். மூடியைத் திரும்பவும் வைத்து, குழவியையும் ஏற்றி வைத்தேன்.

ஏன் செத்தன என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் ஆபீசில் கடிதம் கொண்டுபோகிற மலாய்க்காரரிடம் யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். அவர் கையிலிருந்த கடிதக் கட்டை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். "கிராணி, ஹாருவான் காற்றுக் குடிக்கிற மீன். அடிக்கடி மேலே வந்து வாயைத் திறக்க வேண்டும். சேற்றில் போடு, சாக்கில் போடு, ஒரு நாள் பூராவும் சாகாது. மேலே வர விடாமல் தண்ணீருக்குள் அடைத்தால் மூழ்கிச் செத்துப்போகும்." அறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மீனைத் தண்ணீரில் மூழ்கடித்தவன் எவன் என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கே அவளுக்கு வலி கண்டது. நாள் இன்னும் இருந்தது, ஆனால் பிள்ளை காத்திருக்கவில்லை. அக்கா வந்து பார்த்தார். பெண் பிள்ளை, மெலிந்தது, ஆனால் நன்றாக அழுதது. மனைவிக்கு இரண்டு தையல் போட வேண்டியிருந்தது. "மூணாம் நாள் சூப்பு, மறந்துராத" என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் இருந்தது. நான் நடந்தே பாலிக் புலாவ் போயிருக்கலாம். சைக்கிளுக்கு டியூப் இல்லை, கொடுக்கக் கோட்டு இல்லை, லீவு இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனாலும் நடந்து போயிருக்கலாம். கால் எழவில்லை. எழவில்லை என்பதற்கு மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு காரணம் சொல்லத் தெரியாது.

மூன்றாம் நாள் மச்சத்துக்கென்று ஒரு புதுச் சட்டி வாங்கி அடுப்பில் வைத்தேன். மிளகு, பூண்டு, இஞ்சி, மஞ்சள், முருங்கைக் கீரை. நன்றாகக் கொதிக்க வைத்து, துணியில் வடித்தேன். மீன் மட்டும் இல்லை. கொஞ்சம் பெலாச்சான் விழுது கரைத்துவிட்டால் மீன் வாடை வருமே என்று ஒரு யோசனை வந்தது. அதுவும் இறால் அல்லவா? வெறும் வாடைக்காக அவளுக்கு உண்மையிலேயே மச்சம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லலாம், அதற்கு மனம் வந்தது.

அவளுக்கு மீன் ருசி தெரியாது. எனக்கும் தெரியாது. வாடை எங்கே என்று கேட்டால் மிளகும் பூண்டும் அமுக்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆகவே மாட்டிக்கொள்ள வழியே இல்லை.

முதல் நாள் கண்ணை மூடி, மூக்கைப் பிடித்து, ஒரே மடக்கில் குடித்தாள். குடித்து முடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். இரண்டாம் நாள் அழவில்லை. நாலாம் நாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தவள், கையை எடுக்காமல், "இன்னும் கொஞ்சம் கிடக்கோ?" என்றாள். கேட்டவுடன் அவள் முகம் சிவந்தது. பதினைந்து வயதில் தீட்சை கேட்டவள், மச்சத்தை இரண்டாம் தடவை கேட்டுவிட்டோமே என்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சட்டியில் மிச்சம் இருந்ததைக் கொண்டுவந்து ஊற்றினேன்.

"எத்தினை மீன் மிச்சம்?" என்று சில நாள் கேட்பாள். மூன்று என்பேன். பிறகு இரண்டு என்றேன். அக்கா வந்தால் "குடிக்கிறாளா?" என்பார். "குடிக்கிறா" என்பேன். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ பால் வந்தது. முதலில் துளியாக, பிறகு பிள்ளை மூச்சு முட்டிக் குடிக்கிற அளவுக்கு வந்தது. பன்னிரண்டாம் நாள் நாங்கள் இரண்டு பேரும் காலையிலிருந்து வாய் திறக்கவில்லை. பிள்ளை தூங்கிற்று, எழுந்தது, குடித்தது, மறுபடியும் தூங்கிற்று. பதின்மூன்றாம் நாள் விடிந்தபோது மனைவி பிள்ளையின் உள்ளங்காலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்றுதான் தோன்றியது.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, பிள்ளைப்பேற்றுத் தீட்டுக் கழிக்கிற நாள். வீட்டைக் கழுவினேன். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கிடைத்தது, சாமி அறையில் விளக்கு ஏற்றினேன். மனைவி தலை முழுகி, பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். நெற்றியில் பொட்டு மட்டும் இருந்தது. நான் திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். அவள் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

"கூப்பிடக்கூடாது எண்டு சொன்னனான் எல்லோ?"

அப்போதுதான் சொன்னேன். நின்றபடியே, தட்டைப் பிடித்தபடியே, எல்லாவற்றையும் சொன்னேன். மூடி, முட்டத் தண்ணீர், ஐந்தும் செத்தது, புதைத்தது, மிளகும் முருங்கைக் கீரையும். "நீர் மச்சம் தொடேல்லை. ஒரு நாளும் தொடேல்லை. உள்ளை வாரும்" என்றேன்.

அவள் என்னைப் பரிதாபத்தோடு பார்த்தாள். "எனக்காண்டிப் பொய் சொல்லாதைங்கோ."

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். பப்பாளி மரத்தடியில் தோண்டி, மண்ணோடு இரண்டு கை நிறைய முள்ளும் தலை எலும்பும் அள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

"சமைச்ச மீன்ர முள்ளை வேறை எங்கை புதைச்சிருப்பியள்?" என்றாள்.

"இது சமைச்சது இல்லை. நான் சொல்லுறதைக் கேளும்—"

"அப்ப மீன் இல்லாமல்தான் எனக்குப் பால் வந்ததோ?" அவள் குரல் உயரவில்லை. "மிளகுத் தண்ணிக்குப் பால் வருமெண்டால், அவனுக்கு ஏன் வரேல்லை? ஆயர் ஈத்தாம் கடையிலை மிளகு இல்லையே? பின்னாலை முருங்கை நிண்டதே, நான் பார்த்தனான். அதைக் காய்ச்சித் தர ஒருத்தருக்கும் தெரியேல்லையோ? அவன் அதுக்கோ செத்தவன்?"

ஒன்றரை வருடத்தில் அவனைப் பற்றி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

என் கையிலிருந்து மண் படியில் உதிர்ந்துகொண்டிருந்தது.

"இல்லை" என்றேன். "மீன்தான் தந்தனான். நீர் திருநீறு பூசவேணும் எண்டதுக்காகப் பொய் சொன்னனான்."

"எனக்குத் தெரியும்" என்றாள். மூச்சை விட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசற்படிக்கு வெளியே நின்றபடியே, பிள்ளையை என்னிடம் நீட்டினாள்.

"கையைக் கழுவிப்போட்டு இவளுக்குப் பூசி விடுங்கோ. இவள் ஒண்டும் தின்னேல்லைத்தானே."

கையைக் கழுவிக்கொண்டு வந்து பூசினேன்.